புயல் பாதுகாப்பு மையத்தில் ஒரு முகூர்த்தம்

சிக்கனமாகக் கல்யாணம் நடத்திக் கொடுப்பது என் தொழில். அதாவது, செலவு செய்யத் துடிக்கிறவர்களிடம் "வேண்டாம், வேண்டாம்" என்று சொல்லி, அப்படிச் சொன்னதற்குக் கூலியும் வாங்கிக்கொள்கிற தொழில். இருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். வேலை சிதம்பரம் வரைக்கும் இழுக்கும். என் வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டுக்காரர் சொல்வார். இந்த வேலைக்கு நீளமான வாய்தான் முதலீடு என்று நான் சொல்வேன். உங்கள் வீட்டில் ஒரே ஒரு கல்யாணம் நடந்திருந்தால்கூடப் போதும், நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரிந்துவிடும். நீங்களும் பந்தியில் நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்தவர்தான். உங்களையும் யாரோ ஒரு பெரியப்பா "என்னை வான்னு ஒரு வார்த்தை கேட்டியா?" என்று மடக்கியிருப்பார்.

சிம்பிளா போதும்

இந்தத் தொழிலில் நான் நடுங்குகிற சொல் ஒன்று உண்டென்றால் அது "சிம்பிள்"தான். சிதம்பரத்தில் ஒரு வங்கி அதிகாரி வீடு. "எங்களுக்கு ஆடம்பரமே ஆகாது, எல்லாம் சிம்பிளா போதும்" என்று ஆரம்பித்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பத்திரிகை பனையோலையில் வேண்டும். பானகம் மண்குவளையில் வேண்டும். மாப்பிள்ளை மாட்டுவண்டியில் வர வேண்டும். மாட்டுவண்டிக்கு நான் எங்கே போவேன்? எங்கேயோ ஒரு கிராமத்தில் பிடித்து, வண்டியையும் மாடுகளையும் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினோம். நாதஸ்வரக்காரர் வாசிக்க ஆரம்பித்ததும் மாடுகள் மிரண்டு, மாப்பிள்ளையோடு மேல வீதியில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தன. மாப்பிள்ளை இறங்கும்போது தலைப்பாகை இல்லை.

கார் ஊர்வலமே வைத்திருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும் என்று அந்த வீட்டு அம்மாவிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சிம்பிள்னா பாக்கறவங்களுக்கு காஸ்ட்லியா தெரியணும் மேடம், ஆனா நாம காஸ்ட்லின்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது."

பெண்ணே வந்தாள்

அந்தக் கல்யாணத்துக்கு விருந்தாளியாக வந்திருந்த ஒரு பெண், மாடு மிரண்டபோது நான் போட்ட சத்தத்தைக் கேட்டுவிட்டு என் நம்பரை வாங்கிக்கொண்டு போனாள். பெயர் ரேவதி. சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அடுத்த வாரம் டியூட்டி முடிந்த கையோடு, யூனிஃபார்மிலேயே வீட்டுக்கு வந்தாள். பொதுவாக என்னிடம் அப்பா வருவார், கூடப் பேசுவதற்கென்று ஒரு சித்தப்பா வருவார். கல்யாணப் பெண்ணே தனியாக வந்தது அதுதான் முதல் தடவை.

கதை இதுதான். அதே ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கும் பாலாவை விரும்பியிருக்கிறாள். இவள் தேவனாம்பட்டினத்தில் மீன்பிடிக்கிற வீடு. அவன் குறிஞ்சிப்பாடிப் பக்கம் விவசாய வீடு. இரண்டு வீட்டிலும் அழவேண்டிய அழுகையெல்லாம் அழுது முடித்துச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். இனி கல்யாணம் நடக்க வேண்டியதுதான். ஆனால் ரேவதியின் அப்பா செல்வராசுவுக்குச் சொத்து என்றால் ஒரு விசைப்படகில் பாதி மட்டும். மறு பாதி அவருடைய மச்சான், ரேவதியின் தாய்மாமன் ஏகாம்பரத்துடையது. ஒவ்வொரு வருஷமும் மீன்பிடித் தடைக்காலத்தில் அந்தப் போட்டைக் கரையேற்றி, இன்ஜினைப் பிரித்து, ஓட்டை உடைசல் பார்த்து, பெயிண்ட் அடித்து இறக்க வேண்டும். அந்தச் செலவில் ஆளுக்குப் பாதி. இந்த வருஷம் கல்யாணமும் வந்து நிற்கிறது. இரண்டையும் அவர் தலையில் தாங்க முடியாது. மச்சான் "உன் பாதியையும் நான் பாத்துக்கறேன் மாமா" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். "பொண்ணு எடுத்த வூட்ல கை நீட்ட மாட்டேன்" என்று இவர் எகிறியிருக்கிறார். பேசாமல் தன் பாதியை மச்சானுக்கே விற்றுவிட்டு, அதே போட்டில் கூலியாளாகப் போவதென்று மனசுக்குள் முடிவுகட்டி வைத்திருக்கிறார் மனுஷன்.

இதையெல்லாம் அழாமல் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கல்யாணம் அழகாவும் இருக்கணும்க்கா, எங்க கல்யாணம் மாதிரியும் இருக்கணும். ஆனா தடை முடிஞ்சு போட்டு எறங்கற அன்னிக்கு எங்கப்பா அதுல ஓனரா ஏறணும், கூலியா ஏறக் கூடாது."

ஓசி மண்டபம்

தடைக்காலத்திலேயே தேதி வைத்தோம். அந்த இரண்டு மாதமும் போட்டுகள் கடலுக்குப் போகக் கூடாது, மீன்கள் குஞ்சு பொரிக்கிற காலம். ஆண்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள். பந்தல் போட, தண்ணீர் சுமக்க, பந்தி விசாரிக்க வெளியாள் தேட வேண்டாம். ஆனால் சித்திரை வைகாசியில் மண்டபக்காரர்கள் நம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். என்ன செய்வது என்று நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது ரேவதி, "எங்கூர்ல புயல் பாதுகாப்பு மையம் இருக்குதுக்கா, ஊர்ல சொல்லி வச்சா போதும், சும்மா குடுப்பாங்க" என்றாள். கடலோரத்தில் தூண்கள் மேல் நிற்கும் பெரிய கட்டடம். புயல் வந்தால் ஊரே அங்கே தங்கும். வராத நாளில் கூட்டம், காதுகுத்து, கல்யாணம் எல்லாம் அங்கேதான். அவளுக்கு அதில் விசேஷமாக எதுவும் படவில்லை. எனக்குப் பட்டது, மாப்பிள்ளையின் அம்மாவிடம் இதைச் சொல்லப்போவது நான்தானே.

கஸ்தூரி அம்மா குறிஞ்சிப்பாடியில் முற்றத்தில் உட்கார்ந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். நானும் கொஞ்சம் உரித்துக் கொடுத்தேன். கடல் காற்று என்றேன், விசாலமான ஹால் என்றேன், கார் நிறுத்த இடம் தாராளம் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, இடத்தின் பெயரைக் கேட்டார். சொன்னேன். கையிலிருந்த மல்லாட்டையை முறத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஏம்மா, எம் புள்ளைக்கு நீ பண்ணப்போறது கல்யாணமா, வெள்ள நிவாரணமா?"

மொட்டை மாடி

வாயால் சொல்லி ஆகாத காரியத்தைக் காலால் நடத்திக் காட்ட வேண்டும் என்று, மறு வாரமே ஒரு காரை வைத்துக் கஸ்தூரி அம்மாவைத் தேவனாம்பட்டினத்துக்குக் கூட்டி வந்தேன். ஹாலைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். சமையல் கட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். செல்வராசு பவ்யமாக இளநீர் வெட்டிக் கொடுத்தார், அதைக் குடித்துக்கொண்டே சுவரில் இருந்த ஈரத்தைப் பார்த்தார். போச்சு, என் கூலி போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி முயற்சியாக மொட்டை மாடிக்கு அழைத்துப் போனேன். சாயங்கால வெயில். கீழே மணலில் ஏற்றிப் போட்ட ஃபைபர் போட்டுகள், அதற்கப்புறம் கண்ணுக்கு எட்டின மட்டும் கடல். கஸ்தூரி அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். அவருடைய அக்காள் மகன் கல்யாணத்தில் போட்டோ எடுப்பதற்கென்றே பாண்டிச்சேரிக்கு வேன் வைத்துக்கொண்டு போய் வந்திருந்தார்களாம், அது எனக்கு அப்போது தெரியாது. திரும்பி வந்தவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப நாம போட்டோ புடிக்க பாண்டிக்குப் போவ வேண்டியதில்ல. எங்கக்காவ இங்கயே வந்து பாக்கச் சொல்லு."

கெட்டித் துணி

நம் ஊரில் தாலி இல்லாமல்கூட ஒரு கல்யாணம் நடந்துவிடும், ஃபிளெக்ஸ் பேனர் இல்லாமல் நடக்காது. பாலாவின் நண்பர்கள் என்னைத் தேடி மஞ்சக்குப்பத்துக்கே வந்தார்கள். ஒருத்தன் தோளில் ஒருத்தன் கை போட்டு, கூலிங்கிளாஸ் மாட்டின போட்டோக்களைச் செல்போனில் வைத்திருந்தார்கள். ஊருக்குள் நுழைகிற இடத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒன்று வேண்டுமாம். நான் ஒரே பேனர், சின்னதாக, எல்லார் முகமும் பாஸ்போர்ட் சைஸில் என்றேன். யார் முகம் மேல் வரிசை, யார் முகம் கீழ் வரிசை என்று அங்கேயே சண்டை ஆரம்பித்துவிட்டது.

பெண் வீட்டாரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று செல்வராசுவுக்குப் போன் போட்டேன். பேனர் என்றதும் அவருக்கு ஏக உற்சாகம். பெரிசாகவே இருக்கட்டும் என்று மாப்பிள்ளை தோழர்கள் பக்கம் சாய்ந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்களே செலவை ஏத்திவிட்டா எப்படிங்க? அதுல யார் படம், என்ன எழுத்துன்னாவது சொல்லுங்க" என்றேன். அவர் சாவகாசமாகப் பதில் சொன்னார். "படம் எவன் படமா இருந்தா என்னா தங்கச்சி, துணி மட்டும் கெட்டியா இருக்கச் சொல்லு, கல்யாணம் முடிஞ்சி வலைய மூட ஆவும்."

ஓட்டை வலை

மேடை அலங்காரத்துக்குச் சிதம்பரத்தில் ஒரு பையனைப் பிடித்தேன். இப்போதுதான் படித்து முடித்தவன், பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசையில் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டான். அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு "தீம்" வேண்டும். பெண் வீடு கடலோரம் என்றதும் கண் விரிந்துவிட்டது. மேடை முழுக்க மீன் வலையைத் தொங்கவிட்டு, நடுநடுவே சிப்பியும் சங்கும் கோத்து, மஞ்சள் விளக்குப் போட்டால் பிரமாதமாக இருக்கும் என்றான். எனக்கும் ஆசைதான். வலை சும்மா கிடைக்கும், சங்கும் சும்மா கிடைக்கும்.

செல்வராசுவிடம் சொன்னோம். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பையன் செல்போனில் படமெல்லாம் காட்டினான். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை, பையனைத்தான் பார்த்தார். "நல்ல வலையக் கொண்டாந்து எவனாச்சும் செவுத்துல தொங்க வுடுவானா தம்பி? ஓட்டை வலையத் தொங்க வுட்டா, செல்வராசுக்கு வலை பொத்தத் தெரியலன்னு ஊரே சிரிக்கும்."

மாமாக்கள் கட்டிய மாலை

வலை போயிற்று. குருத்தோலைத் தோரணமும் பூச்சரமும் போதும் என்று இறங்கி வந்தோம். பூவைச் சிதம்பரம் மார்க்கெட்டில் உதிரியாக வாங்கிவிட்டால் மலிவு, கட்டத்தான் ஆள் வேண்டும். தடைக்காலத்தில் வலை பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆண்களைப் பார்த்தபோது எனக்கு ஒரு யோசனை. என்ன வேகம் அந்த விரல்களுக்கு! நாரும் பூவும் கொடுத்து, மேடைச் சரத்தோடு மணமாலையையும் கட்டச் சொல்லி, முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலையில் வட்டமாக உட்கார வைத்துவிட்டேன்.

மலைத்துப்போகிற வேகத்தில்தான் கட்டினார்கள். ஆனால் பூ கட்டுவதற்கென்று தனி முடிச்சு உண்டு என்பதை யாரும் ஏற்கவில்லை, வலை முடிச்சையே போட்டார்கள். சாமந்தி கழுத்து நெரிந்து ஒரு பக்கம் தொங்கிற்று. அந்தச் சரத்தை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து இழுத்தும் அறவில்லை, அதில் அவர்களுக்கு ஏகப் பெருமை. பார்க்க வந்த ரேவதியின் அத்தை மகள் ஒருத்தி சரத்தைக் கையில் எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பினாள். "மாமா, இது பொண்ணு கழுத்துல போடறதுக்கு, சுறா புடிக்கறதுக்கு இல்ல."

மீன் இல்லாத விருந்து

முகூர்த்தச் சாப்பாடு சைவம் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறு மறுநாள் விருந்தில். மீன்பிடிக்கிற வீட்டில் பெண் எடுத்துவிட்டு மீன் இல்லாமலா என்று குறிஞ்சிப்பாடிக்காரர்கள் ஆசையோடு இருந்தார்கள். வெளியிலிருந்து மீன் வாங்கிவிடலாம் என்று நான் சொன்னதும் செல்வராசு குமுறிவிட்டார். மீன் வீட்டில் ஐஸ் மீன் போட்டுச் சம்பந்தியைச் சாப்பிடச் சொல்வதா? அதற்குப் பதில் வெறும் தண்ணீரைக் கொடுத்து அனுப்பிவிடலாமாம்.

கடைசியில் மறுநாள் விருந்தே வேண்டாம், முகூர்த்தச் சாப்பாட்டையே ஒரு படி தூக்கிவிடலாம் என்று சிதம்பரத்திலிருந்து ஒரு சமையல் மாஸ்டரை வரவழைத்தேன். காலையில் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும். அந்த ஒரு அயிட்டத்தில்தான் என் மானம் அன்று தப்பிற்று. பந்தியில் கஸ்தூரி அம்மாவின் வீட்டுக்காரர் மூன்றாம் முறை கொத்சு கேட்டு வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற செல்வராசுவிடம் ஆறுதலாகச் சொன்னார். "மீன் எங்க சம்பந்தி போயிடப்போவுது, கடல் உங்ககிட்டதான இருக்குது."

சீருக்குப் பட்ஜெட்

பந்தி வரைக்கும் ஓடி வந்துவிட்டேன். அதற்கு ஒரு மாதம் முன்னால் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் மீதி புரியாது. மண்டபம் ஓசி, ஆட்கள் ஓசி, பூ மலிவு என்று குறைத்துக் குறைத்து, கல்யாணத்தைச் செல்வராசுவின் கைக்குள் அடக்கிவிட்டேன். போட்டு மட்டும் அடங்கவில்லை. அவருடைய பாதி மராமத்துச் செலவு அப்படியே நின்றது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் கரையேற்றிக் கிடந்த போட்டைப் பார்க்கவே அவர் போவதில்லை என்று ரேவதி சொன்னாள். அந்தப் பக்கம் வேலை இருந்தால்கூட வேறு ஆளை அனுப்புகிறாராம். விற்றுவிட்ட பொருளைப் போலவே அதை நினைக்க ஆரம்பித்துவிட்டார்.

இந்த நேரத்தில்தான் தாய்மாமன் ஏகாம்பரம் லாரி வைத்து, பேண்டு வைத்து, ஊரே வாய் பிளக்கிற மாதிரி சீர் கொண்டுவரப் போவதாகச் சேதி வந்தது. ரேவதி அரண்டுபோனாள். மாமன் லாரியில் சீர் கொண்டுவந்தால், நாளைக்கு மாமன் மகள் கல்யாணத்துக்கு அப்பா இரண்டு லாரியில் திருப்பிச் செய்தே தீருவார். அவர் ரோஷம் அப்படி. அப்புறம் போட்டில் பாதி என்ன, வீட்டில் பாதிகூட மிஞ்சாது. "நீங்க போய் மாமாகிட்ட பக்குவமா சொல்லுங்கக்கா" என்றாள்.

போனேன். நானும் எத்தனையோ பேரிடம் எத்தனையோ வேண்டாம் சொல்லியிருக்கிறேன். ஏகாம்பரத்திடம் சொன்னதுபோல் தயங்கித் தயங்கி ஒருநாளும் சொன்னதில்லை. சின்னதாக நாலு தட்டு, ஒரு புடவை, பழம் போதும், பெண்ணே அதைத்தான் கேட்கிறாள் என்றேன். மனுஷன் பெரிய சரீரம். கடல் வெயிலில் கறுத்த முகம் இன்னும் கறுத்தது. அவர் மனைவி எனக்காகக் கொண்டுவந்த டீ பாதி வழியிலேயே நின்றுவிட்டது. "பொறந்த அன்னிக்கு அவ நாக்குல சக்கரைத் தண்ணி தொட்டு சேனை வச்சவன் நானு. தாய்மாமன் சீருக்கே பட்ஜெட்டு போட வந்துட்டீங்களா? நீங்க நல்லா இருங்க, போயிட்டு வாங்க."

மாமனைக் காணோம்

அதோடு ஏகாம்பரம் மறைந்துபோனார். போன் போட்டால் எடுப்பதில்லை. வீட்டுக்குப் போனால் இல்லை. பந்தக்கால் நடுகிற அன்றைக்கு வந்து, ஒரு ஓரமாக நின்று, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். கை நகமெல்லாம் ஒரே அழுக்கு. சவரம் செய்யாத முகம். ரேவதிக்குத் தாங்கவில்லை. தாய்மாமன் இல்லாமல் மணமேடை ஏறுவதா என்று ஒரு நாள் இரவு போனில் அழுதே விட்டாள். எனக்கும் தூக்கம் போயிற்று. சேலை நிறம் சரியில்லை என்று அழுகிற பெண்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். இது அந்த அழுகை இல்லையே.

செல்வராசு மட்டும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மச்சானிடம் அவரும் பேசவில்லை, பேச என்ன இருக்கிறது, கல்யாணம் முடிந்ததும் பாதியை எழுதிக் கொடுக்கிற பேச்சுத்தானே பாக்கி. பத்திரிகை வைக்கப் போகிற இடத்திலெல்லாம் யாராவது "போட்டு எப்ப எறக்கறீங்க?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஒருவர் விடாமல் கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் தாம்பாளத்தை நேராக வைத்துக்கொண்டு சிரிக்க முயன்றார். "இனிமே அத எங்க மச்சானத்தான் கேக்கணும்."

கடைசித் தட்டு

முகூர்த்த நாள் விடிந்தது. முதல் நாளே பந்தல், தோரணம், கழுத்து நெரிந்த சாமந்தி எல்லாம் தயார். மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கி மொட்டை மாடியில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன் சீர் வந்தால்தான் பெண்ணுக்குக் கூறைப்புடவை கட்ட முடியும். ரேவதி அறைக்குள் ஜன்னலை விட்டு நகரவில்லை. ஐயர் என்னைப் பார்க்கிறார், நான் ரோட்டைப் பார்க்கிறேன்.

கடைசியில் வந்தார்கள். லாரி இல்லை, பேண்டு இல்லை. ஏகாம்பரமும் அவர் மனைவியும் சொந்தக்காரப் பெண்களும் நடந்தே வந்தார்கள். நான் சொன்னபடியே நாலைந்து தட்டு. பழம், பூ, புடவை, மஞ்சள் குங்குமம். எனக்கு உயிர் வந்தது, கூடவே கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, ஒரு தாய்மாமனைப் போய் இப்படிச் சுருக்கிவிட்டோமே என்று. கடைசித் தட்டை ஏகாம்பரமே வைத்திருந்தார். அதன் மேல் சிவப்புப் பட்டுத் துணி. செல்வராசு முறைப்படி எதிரில் போய் ஒவ்வொரு தட்டாக வாங்கி உள்ளே கொடுத்தார். கடைசித் தட்டில் துணியை விலக்கினார். உள்ளே ஒரு பெயிண்ட் டப்பா, மூடியில் பெயிண்ட் வழிந்து காய்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு பிரஷ். டப்பாவுக்குக் குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள்.

"இன்னாடா இது?" என்றார் செல்வராசு.

"போட்டுக்கு அடிச்சது போவ மீதி, மாமா" என்றார் ஏகாம்பரம். "உம் பாதி, எம் பாதி எல்லாம் அடிச்சாச்சு. இன்ஜினும் பிரிச்சு மாட்டியாச்சு. ரேவதிக்கு எஞ் சீரு இதான். சீரு சின்னதா இருக்கணும்னு இந்தக்கா வந்து சொல்லிட்டுப் போச்சு, ஒரு தட்டுல அடக்கிட்டேன்."

அப்போதுதான் எனக்கு அந்த நக அழுக்கு விளங்கிற்று. திரும்பிப் பார்த்தால், ஊர்க்காரர்கள் யார் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. பூக்கட்டின மாமாக்கள் வேறு பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்துப் பக்கமே போகாத ஒரே ஆளுக்கும், கூடவே ரேவதிக்கும் எனக்கும்தான் விஷயம் தெரியவில்லை. செல்வராசுவின் கழுத்து நரம்பு புடைத்தது. கை நீட்ட மாட்டேன் என்று சொன்ன மனுஷன். ஆனால் கை ஏற்கனவே நீண்டு தட்டின் விளிம்பைப் பிடித்திருக்கிறது. பணம் என்றால் மூஞ்சியில் எறிந்திருப்பார். தாய்மாமன் சீரை எப்படி எறிவது? வாசலுக்கு வந்த சீரைத் திருப்பி அனுப்பினால் பெண்ணுக்கு ஆகாது. இது ஏகாம்பரத்துக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் ஒரு மாதமாக வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். மேளக்காரர்கூட வாசிப்பை நிறுத்திவிட்டார். ஜன்னலில் ரேவதி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

செல்வராசு தட்டை வாங்கிக்கொண்டார். இரண்டு கையாலும் வாங்கினார். மச்சானின் முகத்தைப் பார்க்காமல் டப்பாவைப் பார்த்தபடியே கேட்டார்.

"எம் பாதிக்கு எத்தினி கோட்டுடா அடிச்ச?"

"உம் பாதிக்கு ரெண்டு, எம் பாதிக்கு ஒண்ணு மாமா."

போட்டு இறங்கின அன்று

தடை முடிந்த அன்று விடியற்காலையில் என்னையும் துறைமுகத்துக்கு வரச் சொல்லியிருந்தாள் ரேவதி. புதுத் தாலி மினுங்க, பாலாவோடு நின்றுகொண்டிருந்தாள். கடலுக்குள் போகிற முதல் நாளைப் பார்த்ததே இல்லை என்று சொல்லி, கஸ்தூரி அம்மாவும் குறிஞ்சிப்பாடியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்துவிட்டார். வரிசையாக எல்லாப் போட்டுக்கும் பூ சுற்றியிருந்தார்கள். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். செல்வராசு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போட்டில் ஏறினார். ஏறினதும் முதல் வேலையாக மச்சானை ஏதோ அதட்டினார். மச்சான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே பதிலுக்கு அதட்டினார். இரண்டு பேரும் ஓனர்கள் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. ரேவதி என் கையைப் பிடித்துக்கொண்டாள், விரல் வலிக்கிற அளவுக்கு. எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைப்பானேன்.

இன்ஜின் உறும, கரும்புகை கக்கிக்கொண்டு போட்டு மெல்ல நகர்ந்தது. கஸ்தூரி அம்மா நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டு, போட்டை முன்னாலும் பின்னாலும் கவனமாக ஆராய்ந்தார். கல்யாணத்தை வெள்ள நிவாரணம் என்று சொன்ன அதே வாய் மருமகள் பக்கம் திரும்பிற்று.

"ஏம்மா ரேவதி, அதுல எது நம்ம பாதி?"

கல்யாணத்தில் எந்தச் செலவையும் குறைக்க எனக்கு ஒரு வழி தெரியும். சொந்தக்காரர்களின் ரோஷத்தைக் குறைக்கத்தான் இன்றுவரை ஒரு வழியும் தெரியவில்லை, தெரிந்து ஏகாம்பரத்தின் ரோஷத்தைக் குறைத்திருந்தால் அந்தப் போட்டில் பாதி கைமாறிப் போயிருக்கும் என்பதால் நானும் கற்றுக்கொள்வதாக இல்லை.